கேம் ஷோக்களில் அதிர்ஷ்டமும் துரதிர்ஷ்டமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொலைக்காட்சிப் போட்டியில் ஒருவர் துள்ளிக் குதிக்கிறார், இன்னொருவர் முகம் வெளிறி நிற்கிறார். பார்க்கும் நாம் முதலாமவருக்கு யோகம் என்கிறோம், இரண்டாமவருக்கு நேரம் சரியில்லை என்கிறோம். இந்த இரண்டு தீர்ப்புகளையும் நான் எளிதில் நம்புவதில்லை. புகழ்பெற்ற பல தருணங்களைக் கிளறிப் பார்த்தால் அடியில் ஒரு விதி இருக்கும், யாரோ செய்த தவறு இருக்கும், போட்டியாளரே எடுத்த முடிவு இருக்கும். உண்மையான குருட்டு அதிர்ஷ்டமும் உண்டு, ஆனால் நாம் நினைக்கும் இடத்தில் அது பெரும்பாலும் இருப்பதில்லை.

கேம் ஷோ வரலாற்றிலேயே பெரிய அதிர்ஷ்டசாலி யார்?

இந்தக் கேள்விக்குப் பலரும் சொல்லும் பெயர் மைக்கேல் லார்சன். 1984இல் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 'பிரஸ் யுவர் லக்' என்ற நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. 18 கட்டங்கள் கொண்ட ஒரு பெரிய பலகையில் வெளிச்சம் அங்குமிங்கும் தாவும். போட்டியாளர் பொத்தானை அழுத்தியதும் அது ஒரு கட்டத்தில் நிற்கும். பணம் இருக்கும் கட்டம் என்றால் லாபம். 'வாமி' என்ற சிவப்புக் குட்டிச்சாத்தான் இருக்கும் கட்டம் என்றால் அதுவரை சேர்த்தது எல்லாம் போய்விடும். ஆகவே நாலைந்து முறை அழுத்தியதும் யாராக இருந்தாலும் பயந்து நிறுத்திக்கொள்வார்கள். நிகழ்ச்சியின் பட்ஜெட்டே அந்தப் பயத்தை நம்பித்தான் போடப்பட்டிருந்தது.

ஓஹையோ மாநிலத்தில் ஐஸ்கிரீம் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த லார்சன் அந்த மேடையில் நிறுத்தவே இல்லை. 40 தடவைக்கு மேல் தொடர்ந்து அழுத்தினார், ஒருமுறைகூட வாமி வரவில்லை. ரொக்கம், ஒரு பாய்மரப் படகு, இரண்டு சுற்றுலாக்கள் எல்லாம் சேர்த்து 1,10,237 டாலர் வென்றார். ஆட்டம் நீண்டுகொண்டே போனதால் அதை இரண்டு பாகங்களாகப் பிரித்து ஒளிபரப்ப வேண்டியிருந்தது.

இதில் அதிர்ஷ்டம் என்று சொல்ல ஏதும் இல்லை. வீட்டில் நிகழ்ச்சியைப் பதிவு செய்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறார். தாறுமாறாகத் தாவுவது போலத் தெரிந்த வெளிச்சம் உண்மையில் ஐந்தே ஐந்து வரிசைகளைத் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. நான்காம் கட்டத்திலும் எட்டாம் கட்டத்திலும் வாமி வருவதே இல்லை என்பதையும் கண்டுபிடித்தார். ஐந்து வரிசைகளையும் மனப்பாடம் செய்துகொண்டு லாஸ் ஏஞ்சலிஸ் போனார். இந்தத் தொடர் வெற்றிக்கு முன், அவர் முதன்முதலில் அழுத்தியபோது வாமிதான் வந்தது. கணக்குப் பிடிபட்டது அதற்குப் பிறகுதான்.

நிறுவனத்தினர் ஒளிப்பதிவைப் போட்டுப் போட்டுப் பார்த்தார்கள். ஏமாற்றுவேலை என்று சொல்ல எந்த விதியும் இடம் தரவில்லை. கவனித்துப் பார்ப்பது குற்றமா என்ன? பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு வரிசைகளின் எண்ணிக்கையைக் கூட்டினார்கள்.

அந்தப் பணத்தை அவர் என்ன செய்தார்?

ஒரு வானொலி நிலையம் ஒரு டாலர் நோட்டு ஒன்றின் வரிசை எண்ணை அறிவித்து, அதே நோட்டைக் கொண்டுவருபவருக்குப் பெரும் பரிசு என்றது. லார்சன் தம் பணத்தில் பெரும்பகுதியை ஒரு டாலர் நோட்டுகளாகவே வங்கியிலிருந்து எடுத்துவந்து வீட்டில் வைத்துத் தேடினார். அவர் வெளியே போயிருந்த ஒரு நாளில் வீட்டில் திருடர்கள் புகுந்து சுமார் 50,000 டாலரை அள்ளிக்கொண்டு போனார்கள். மீதியில் பெரும்பகுதி நிலம், வீடு சார்ந்த முதலீட்டில் கரைந்தது. வரிசையைப் படிக்கத் தெரிந்த மனிதர் கடைசியில் வரிசையே இல்லாத ஒரு குலுக்கலில் போய் மாட்டிக்கொண்டார். 1999இல் காலமானார்.

ஒரு டாலர்கூடப் பிசகாமல் விலை சொன்னவர் கதை உண்மையா?

உண்மைதான். 2008இல் 'தி பிரைஸ் இஸ் ரைட்' நிகழ்ச்சியின் இறுதிச் சுற்றில், முன்னாள் தொலைக்காட்சி வானிலை அறிவிப்பாளர் ஒருவர் தமக்குக் காட்டப்பட்ட பரிசுத் தொகுப்பின் விலை 23,743 டாலர் என்றார். விலையும் அதேதான். தொகுப்பாளர் ட்ரூ கேரி இந்த அதிசயத்தை மின்கட்டணத் தொகையை வாசிப்பது போல உணர்ச்சியே இல்லாமல் அறிவித்தார். ஏதோ மோசடி நடக்கிறது என்று அப்போது சந்தேகப்பட்டதாகப் பிறகு சொன்னார்.

வென்றவரும் அவர் மனைவியும் பல மாதங்களாக நிகழ்ச்சியைப் பார்த்து, ஒரே பொருள்கள் ஒரே விலையில் திரும்பத் திரும்ப வருவதைக் குறித்துவைத்திருந்தார்கள். அன்று பார்வையாளர் வரிசையில் விலைகளைக் கரைத்துக் குடித்த இன்னொரு ரசிகரும் இருந்தார். எண்ணைச் சொல்லிக்கொடுத்தது தாமே என்பது அவர் வாதம். யார் சொல்வது சரி என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். எப்படியிருந்தாலும், வானத்திலிருந்து விழுந்த எண் அல்ல அது.

அப்படியானால் கலப்படமில்லாத அதிர்ஷ்டம் என்று ஒன்றுமே கிடையாதா?

இருக்கிறது. பெரும்பாலும் அது நிகழ்ச்சிக் குழுவினரின் கவனக்குறைவு வழியாக வந்து சேரும். அதே நிகழ்ச்சியில் 'பிளிங்கோ' என்றொரு ஆட்டம் உண்டு. ஆணிகள் அடித்த பலகையின் உச்சியிலிருந்து ஒரு வட்டத் தகட்டை விடவேண்டும். அது தட்டித் தட்டிக் கீழே விழும் பள்ளத்தைப் பொறுத்துப் பரிசு. நடுப்பள்ளத்துக்கு 10,000 டாலர், அதன் இரு பக்கத்துப் பள்ளங்களுக்கும் பூஜ்யம். 2008இல் ஒரு மாணவி விட்ட தகடுகள் அடுத்தடுத்து மூன்று முறை நடுவில் போய் விழுந்தன. அரங்கமே கூத்தாடியது. அப்போதுதான் ஒருவருக்கு உறைத்தது: விளம்பரம் ஒன்றைப் படமெடுப்பதற்காகத் தகடு நடுவிலேயே விழும்படி பலகையில் மெல்லிய கம்பி கட்டியிருந்தார்கள், அதை அவிழ்க்க மறந்துவிட்டார்கள். ஆட்டத்தை நிறுத்தி, கம்பியை எடுத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து படமெடுத்தார்கள். தவறு தங்களுடையது என்பதால் அந்த 30,000 டாலரையும் மாணவிக்கே கொடுத்துவிட்டார்கள்.

2015இல் அங்கே இன்னொன்று நடந்தது. காரின் விலையைப் போட்டியாளர் ஊகிக்கவேண்டிய நேரத்தில், விலை அட்டைகளைக் காட்டிக்கொண்டிருந்த மாடல் கைதவறிச் சரியான விலையை மூடியிருந்த அட்டையை உருவிவிட்டார். உடனே காரைக் கொடுத்துவிடுவதைத் தவிர வேறு வழியில்லை. போட்டியாளரைவிட அந்த மாடலின் முகம்தான் பார்க்கவேண்டியது.

மிகக் கொடுமையான துரதிர்ஷ்டம் எது?

என் பட்டியலில் முதலிடம் 2010 டிசம்பரில் அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் வந்த 'மில்லியன் டாலர் மணி டிராப்' நிகழ்ச்சிக்கு. கையில் கொடுத்த பணக்கட்டுகளை விடைகளின் மேல் வைக்கவேண்டும். தவறான விடையின் மேல் வைத்த பணம், கண்ணெதிரே தரை திறந்து கீழே போய்விடும். ஓர் இளம் ஜோடியிடம் கேட்கப்பட்ட கேள்வி: மாக்கின்டாஷ் கணினி, சோனி வாக்மேன், போஸ்ட்-இட் ஒட்டுத்தாள் ஆகியவற்றில் முதலில் விற்பனைக்கு வந்தது எது? எட்டு லட்சம் டாலரை ஒட்டுத்தாளின் மேல் வைத்தார்கள். விடை வாக்மேன் என்று அறிவிக்கப்பட்டது. பணம் போயிற்று.

ஒளிபரப்பு முடிந்ததும் பார்வையாளர்கள் தோண்ட ஆரம்பித்தார்கள். வாக்மேன் வந்தது 1979இல். ஒட்டுத்தாள் அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்தது 1980இல். ஆனால் 1977லேயே வேறு பெயரில் நான்கு நகரங்களில் அதைச் சோதனையாக விற்றிருக்கிறார்கள்! கேள்வி தேறாது என்று ஆனதும் அந்த ஜோடியை மறுபடி விளையாட அழைத்தார்கள். அதற்குள் நிகழ்ச்சியே நிறுத்தப்பட்டுவிட்டது. ஆட்டத்தில் தோற்றால் மனம் ஆறிவிடும். சரியென்று வாதிடக்கூடிய விடையைச் சொன்னவர்களை முதலில் தவறென்று அனுப்பிவிட்டு, பிறகு மறுபடி அழைத்து, கடைசியில் ஆடுவதற்கு மேடையே இல்லாமல் போவதற்கு என்ன ஆறுதல் சொல்வது?

ஒரு சொல்லால் பரிசைத் தவறவிட்டவர்கள்?

அதற்கென்றே இருக்கும் நிகழ்ச்சி 'வீல் ஆஃப் ஃபார்ச்சூன்'. சக்கரத்தைச் சுழற்றி, எழுத்துகளைக் கேட்டு, மறைந்திருக்கும் சொற்றொடரைக் கண்டுபிடிக்கவேண்டும். 2013இல் ஒரு மாணவருக்கு எல்லா எழுத்துகளுமே திறந்துவிட்டன, வாசித்தால் போதும். 'அக்கிலீஸ்' என்ற கிரேக்க வீரனின் பெயரை அவர் தவறாக உச்சரித்தார். ஏற்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். பக்கத்தில் நின்றவர் அதே சொற்களைச் சரியாக வாசித்துவிட்டுப் போனார்.

2021 டிசம்பரில் ஒரு பெண் கார் பரிசுக்கான இறுதிப் புதிரில் சரியான நான்கு சொற்களையும் சொல்லி முடித்தார், நேரமும் மிச்சம் இருந்தது. ஆனால் கடைசிச் சொல்லுக்கு முன் கொஞ்சம் அதிகமாக யோசித்துவிட்டார். இடைவெளி விடாமல் சொல்லவேண்டும் என்பது விதி. கார் கிடையாது. சரியான சொல்லைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் அந்தப் புதிரின் விடை, இந்த வேடிக்கையை யாரும் எழுதி வைத்து நடத்தியிருக்க முடியாது. பார்த்தவர்கள் கொதித்துப்போக, கார் நிறுவனமான ஆடியே முன்வந்து அவருக்கு ஒரு காரைக் கொடுத்தது.

மாறாக, 2010இல் ஒரு பெண் 27 எழுத்துகள் கொண்ட புதிரை ஒரே ஓர் எழுத்து தெரிந்த நிலையில் அவிழ்த்தார். தொகுப்பாளருக்கே நம்ப முடியவில்லை. இதையும் அதிர்ஷ்டக் கணக்கில்தான் பலரும் எழுதுகிறார்கள். முதல் சொல்லில் எழுத்து விடுபட்டதைக் காட்டும் 'அபாஸ்ட்ரஃபி' குறி, நடுவே தனியாக நின்ற ஓரெழுத்துச் சொல், தெரிந்த எழுத்தின் இடம் என்று மூன்று தடயங்கள் அவர் கண்ணெதிரே இருந்தன. தடயத்தைப் படித்தவருக்கு யோகம் என்ற பட்டம் அநியாயம்.

மூன்று கதவுப் புதிரில் மாற்றிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம் என்கிறார்களே, பெட்டி நிகழ்ச்சிகளுக்கும் அது பொருந்துமா?

பொருந்தாது. எனக்குத் தெரிந்து அதிகம் குழப்பப்படும் விஷயம் இதுதான், ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

மூன்று கதவுகள். ஒன்றின் பின்னால் கார், மற்ற இரண்டின் பின்னால் ஆடு. நீங்கள் ஒரு கதவைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். கார் எங்கே என்று தெரிந்த தொகுப்பாளர், மற்ற இரண்டில் ஆடு இருக்கும் ஒரு கதவைத் திறந்து காட்டிவிட்டு, மாற்றிக்கொள்கிறீர்களா என்று கேட்கிறார். மாற்றினால் வெல்லும் வாய்ப்பு மூன்றில் இரண்டு, மாற்றாவிட்டால் மூன்றில் ஒன்று. காரணம் எளிது. முதலில் நீங்கள் ஆட்டைத் தொட்டிருக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. அப்படித் தொட்டிருந்தால், தொகுப்பாளர் இன்னோர் ஆட்டைத்தான் காட்டியாக வேண்டும், எஞ்சியிருப்பது கார்தான். 1990இல் மேரிலின் வாஸ் சவந்த் ஒரு பத்திரிகைப் பத்தியில் இதை எழுதியபோது சுமார் 10,000 கடிதங்கள் வந்தன. பெரும்பாலானவை அவரைத் திட்டியவை, முனைவர் பட்டம் பெற்றவர்கள் எழுதியவையும் அவற்றில் ஏராளம். அவர் சொன்னதே சரி.

இந்தப் புதிருக்குப் பெயர் கொடுத்தவர் 'லெட்ஸ் மேக் எ டீல்' நிகழ்ச்சியின் தொகுப்பாளர் மான்டி ஹால். அவர் சொன்ன திருத்தம் கணிதக்காரர்கள் சொன்னதைவிட எனக்குப் பிடிக்கும். கதவைத் திறந்து காட்டியே தீரவேண்டும் என்ற கட்டாயம் தமக்கு இல்லை என்றார். போட்டியாளர் காரைத் தொட்டிருக்கும்போது மட்டும் மாற்றிக்கொள்ளச் சொல்லி ஆசை காட்டினால், மாற்றுபவர்கள் எல்லாருமே தோற்பார்கள்.

இப்போது 'டீல் ஆர் நோ டீல்' பெட்டிகளுக்கு வருவோம். ஒவ்வொன்றிலும் ஒரு தொகை இருக்கும் 26 பெட்டிகள், ஒன்று உங்களிடம். மற்றவற்றை ஒவ்வொன்றாக நீங்களே திறக்கிறீர்கள். கடைசியில் உங்கள் பெட்டியும் வெளியே ஒன்றும் மிஞ்சுகின்றன, பெரிய பரிசு இரண்டில் ஒன்றில் இருக்கிறது. மாற்றினால் 26இல் 25 வாய்ப்பு என்று சிலர் கணக்குப் போடுவார்கள். தவறு. இங்கே பெட்டிகளைத் திறந்தவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. பெரிய பரிசு இவ்வளவு தூரம் திறக்கப்படாமல் தப்பியதே தற்செயல். அந்தத் தற்செயலில் உங்கள் பெட்டிக்கும் வெளியே இருக்கும் பெட்டிக்கும் சம பங்கு. மாற்றினாலும் பாதி, மாற்றாவிட்டாலும் பாதி.

வங்கியாளர் தரும் தொகையை வாங்கிக்கொண்டு போகாமல் ஏன் சிலர் கடைசிவரை ஆடுகிறார்கள்?

அதே பெட்டி நிகழ்ச்சியில், 'வங்கியாளர்' என்பவர் இடையிடையே ஒரு தொகை தந்து உங்கள் பெட்டியை விலைக்குக் கேட்பார். அதை ஏன் மறுக்கிறார்கள் என்று நான்கு பொருளியலாளர்கள் ஆராய்ந்து 2008இல் வெளியிட்டார்கள். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தேலர் அவர்களில் ஒருவர். நெதர்லாந்து, ஜெர்மனி, அமெரிக்கா ஆகிய நாடுகளின் ஒளிபரப்புகளைப் பார்த்து அவர்கள் கண்டது: அடி வாங்கியவர்களும் துணிகிறார்கள், தொடர்ந்து யோகம் அடித்தவர்களும் துணிகிறார்கள்.

நெதர்லாந்துப் போட்டியாளர் ஒருவருக்குப் பெரிய தொகைகள் அடுத்தடுத்துக் கைநழுவின. கடைசியில் மிஞ்சியவை 10 யூரோ பெட்டியும் 10,000 யூரோ பெட்டியும். சராசரி 5,005. வங்கியாளர் தர முன்வந்தது 6,000. சராசரியைவிட அதிகம்! வேண்டாம் என்றார். பெட்டியில் இருந்தது 10 யூரோ. இழந்ததை மீட்டே தீருவேன் என்ற வீம்பு அது. இன்னொரு பக்கம், ஜெர்மனியில் ஒரு பெண் ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் என்ற இரண்டு பெட்டிகளுடன் நின்றார். சரியாக நடுவில் 1,25,000 யூரோ கொடுத்தார்கள். அவரும் மறுத்தார், ஒன்றரை லட்சத்தோடு வீடு திரும்பினார். இருவர் எடுத்ததும் ஒரே மாதிரி முடிவுதான். ஒருவருக்கு முட்டாள் என்று பெயர், மற்றவருக்கு தைரியசாலி என்று பெயர்.

பார்வையாளர்களிடம் உதவி கேட்பது நம்பகமானதா?

அமெரிக்காவின் கோடீஸ்வரர் நிகழ்ச்சியில் அரங்கினர் தேர்ந்தெடுத்த விடை 91 சதவீதம் சரியாக இருந்தது, தொலைபேசியில் அழைத்த நண்பர்கள் 65 சதவீதம்தான். ஆனால் பிரான்ஸில் ஒருவர், பூமியைச் சுற்றி வருவது எது என்ற கேள்விக்கு அரங்கினரை நம்பினார். பாதிக்கு மேற்பட்டோர் சூரியன் என்றார்கள். அவரும் சூரியன் என்றே சொல்லி வெளியேறினார். இவ்வளவு சுலபமான கேள்விக்கு உதவி கேட்டவரைத் தண்டிப்போம் என்று வேண்டுமென்றே அழுத்தினார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அப்படியும் இருக்கலாம்.

மூன்று பேரும் ஒரே தொகையில் முடித்த ஆட்டம் எப்படி நடந்தது?

2007 மார்ச்சில் 'ஜெப்பர்டி' என்ற அமெரிக்க வினாடி வினா நிகழ்ச்சியில் மூவரும் 16,000 டாலரில் முடித்தார்கள். இரண்டரைக் கோடியில் ஒரு வாய்ப்பு என்றெல்லாம் கணக்குச் சொன்னார்கள். அந்தக் கணக்கை மறந்துவிடலாம். கடைசிக் கேள்விக்கு முன் இருவரிடம் தலா 8,000, முன்னணியில் இருந்தவரிடம் 13,400. மற்ற இருவரும் முழுத்தொகையையும் பந்தயம் வைப்பார்கள் என்று ஊகித்த அவர், சமன் ஆகும்படி 2,600 டாலர் மட்டும் வைத்தார். ஒரு டாலர் கூட வைத்திருந்தால் அவர் மட்டும் வென்றிருப்பார். மூவரும் வெல்லட்டும் என்று அவரே முடிவெடுத்தார்.

74 ஆட்டங்கள் வென்ற கென் ஜென்னிங்ஸ் தோற்றது துரதிர்ஷ்டமா?

ஓரளவு. அதே 'ஜெப்பர்டி'யில் 2004 நவம்பரில் ஒளிபரப்பான அவருடைய 75ஆவது ஆட்டத்தின் இரண்டாம் சுற்றில், மறைந்திருக்கும் இரட்டைப் பந்தயக் கட்டங்கள் இரண்டும் அவரிடமே வந்தன. இரண்டிலும் தவறினார். கடைசிக் கேள்வி, பருவகால ஊழியர்களை வைத்து நடக்கும் நிறுவனம் பற்றியது. அவர் ஃபெடெக்ஸ் என்றார், விடை வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்துதரும் ஒரு நிறுவனம். அதற்குள் 25 லட்சம் டாலருக்கு மேல் சேர்த்துவிட்டவர் மீது பரிதாபப்பட எனக்கு மனம் வரவில்லை.

எல்லாம் முன்கூட்டியே ஏற்பாடு செய்த நாடகம் என்கிறார்களே?

1950களில் அது உண்மை. அமெரிக்காவின் 'ட்வென்டி ஒன்' நிகழ்ச்சியில் ஹெர்பர்ட் ஸ்டெம்பல் என்ற வெற்றியாளரிடம், நீங்கள் தோற்கவேண்டிய நேரம் வந்துவிட்டது என்று தயாரிப்பாளர்கள் சொன்னார்கள். தமக்கு மிகவும் பிடித்த படத்தின் பெயர் விடையாக வந்தும், தெரியாதது போல வேறொன்றைச் சொல்லித் தோற்றார். அவரை வென்ற சார்ல்ஸ் வான் டோரன் நாட்டுக்கே செல்லப்பிள்ளை ஆனார். 1959இல் நாடாளுமன்ற விசாரணையில், விடைகள் தமக்கு முன்பே தரப்பட்டதை ஒப்புக்கொண்டார். மறு ஆண்டே போட்டி நிகழ்ச்சிகளில் இப்படி ஏமாற்றுவதைக் குற்றமாக்கிச் சட்டம் வந்தது. அதன் பிறகு ஒரு தயாரிப்பாளருக்கு முடிவில் கைவைப்பதைவிட, கதவு, பெட்டி, சக்கரம் என்று தற்செயலுக்கு இடம் வைத்து ஆட்டத்தை வடிவமைப்பது பாதுகாப்பு.

பெரும் பரிசு வென்றவர்கள் பிறகு எப்படி இருக்கிறார்கள்?

பலர் வீட்டுக்கடனை அடைத்துவிட்டுப் பழைய வேலைக்கே போயிருப்பார்கள், அதெல்லாம் செய்தியில் வராது. செய்தியில் வந்தவர் 2011இல் 'கௌன் பனேகா குரோர்பதி'யில் ஐந்து கோடி ரூபாய் வென்ற பீகாரின் சுஷீல் குமார். அதற்குப் பிறகு வந்ததே தம் வாழ்க்கையின் மிக மோசமான காலம் என்று 2020இல் அவரே எழுதினார். ரகசிய நன்கொடைகள், அவற்றில் ஏமாற்றியவர்கள், தோற்ற தொழில்கள், மதுப்பழக்கம் என்று எதையும் மறைக்கவில்லை. பின்னர் சொந்த ஊருக்குத் திரும்பி, செண்பக மரங்கள் நடும் பணியில் இறங்கினார்.

வென்ற பணம் முழுவதும் கைக்கு வருமா?

நாட்டைப் பொறுத்தது. பிரிட்டனில் இத்தகைய பரிசுக்கு வருமான வரி இல்லை. இந்தியாவில் 30 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள், கூடுதல் வரிகள் தனி. அமெரிக்காவில் பரிசாக வந்த கார், படகு, சுற்றுலா எல்லாவற்றின் மதிப்பும் வருமானமாகவே கணக்கிடப்படும். அதனால் கார் வென்றவர் வரி கட்டுவதற்காக அதை விற்பதும், பரிசே வேண்டாம் என்று எழுதிக்கொடுப்பதும் உண்டு. இந்த விஷயத்தில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாத வெற்றியாளர் ஒருவர் இருந்தார். 1999 நவம்பரில் அமெரிக்கக் கோடீஸ்வரர் நிகழ்ச்சியில் பத்து லட்சம் டாலரை முதன்முதலில் வென்ற ஜான் கார்பென்டர். கடைசிக் கேள்வியில் அப்பாவைத் தொலைபேசியில் அழைத்து, உதவி ஏதும் வேண்டாம், வெல்லப்போகிறேன் என்று சொல்லத்தான் கூப்பிட்டேன் என்றார். அப்போது அவர் பார்த்துவந்த வேலை, வருமான வரித்துறையில்.